ஊர் இருந்த இடத்து மரங்கள்

கல்யாணமான புதிதில் எனக்குக் கல்கத்தாவில் வாய்த்த வீடு ஒரு ஜமீன்தார் மாளிகையின் பின்கட்டு. திருநெல்வேலியில் நான் பிறந்த வீடு மொத்தமும் அதன் ஒரு தாழ்வாரத்துக்குள் அடங்கிவிடும். தலைநகரம் டெல்லிக்குப் போவதற்குச் சில வருஷங்களுக்கு முந்தைய காலம் அது. அலிப்பூருக்குத் தெற்கே, பழைய கங்கை வாய்க்கால் ஓரமாக, சர்க்கார் ஒரு மரத் தோட்டம் உண்டாக்கிக்கொண்டிருந்தது. தேசதேசாந்திரத்து மரங்களையெல்லாம் ஒரே இடத்தில் வளர்த்து ஜனங்கள் பார்க்கத் திறந்துவிடுவது என்று திட்டம். அதில் என் கணவர் உதவி அதிகாரி. மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரத் துரை.

அந்த இடம் முன்பு ஒரு வங்காள ஜமீன்தாரின் தோட்ட வீடு. ஜமீன்தார் இறந்த பிறகு பங்காளிகள் அலிப்பூர் கோர்ட்டில் வழக்காடினார்கள். கடைசியில் ஒருவருக்கும் இல்லாமல் கோர்ட்டே அதை விற்றது, சர்க்கார் வாங்கியது. தூண்கள் வைத்த முன்கட்டு ஆபீசாகவும், காய்ந்த இலைகளையும் விதைகளையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டும் கூடமாகவும் ஆயிற்று. பெண்கள் புழங்கிய பின்கட்டு எங்களுக்குக் குடியிருப்பு.

என் கணவருக்கு மரம் என்றால் உயிர். ஜாவாவிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் கப்பலில், கண்ணாடிப் பெட்டிக்குள், கன்றுகள் வந்து இறங்கும். கைக்குழந்தையை வாங்குவதுபோல அவற்றை இவர் வாங்குவார். ஒவ்வொரு மரத்தின் காலடியிலும் இரும்புக் கம்பி நட்டு, துத்தநாகத் தகட்டில் லத்தீன் பெயர் பொறித்து மாட்டுவார்கள். ஜமீன் காலத்து மஹாகனிச் சாலை, சலவைக்கல் படித்துறை வைத்த பெரிய குளம், குளத்து நடுவில் மூங்கில் அடர்ந்த ஒரு திட்டு, வடக்கே மாந்தோப்பு எல்லாம் அப்படியே நின்றன. அவற்றுக்கிடையே புது மரங்கள் வந்தன. சுரைக்காய் மாதிரி நீளநீளமாகக் காய் தொங்கும் ஆப்பிரிக்க மரம் ஒன்று இருந்தது. அதன் அடியில் எப்போதும் கூட்டம்தான். சாயங்காலங்களில் கேட்டைச் சாத்திய பிறகு அந்தத் தோட்டம் முழுவதும் எங்கள் இருவருக்கு மட்டும் சொந்தம்போல நாங்கள் நடப்போம். என் வாழ்நாளில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். சொல்லும்போதே வாய்க்குள் ஏதோ கசக்கும்.

சமையலறைக்கு அடுத்த அறைச் சுவரில் மேலிருந்து கீழாகச் சில எண்ணெய்க் கோடுகள் இருந்தன. சர்க்கார் ஆட்கள் எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் நெய் ஊறிய கோடுகள் மறுபடி மேலே வந்துவிடும். வங்காளிகள் வீட்டில் கல்யாணத்தின்போது நெய்யும் குங்குமமும் வழியவிட்டுப் போடும் மங்கலக் கோடுகள் அவை என்று, எனக்குப் பொரி விற்க வரும் மாசி சொன்னாள்.

மாசி என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி. அங்கே வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தோட்டத்தின் மேற்கு எல்லையில் புதிதாகப் போட்ட இரும்பு வேலிக்கு வெளியே அவள் கூடையோடு வந்து நின்று குரல் கொடுப்பாள். நான் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் முறத்தைப் பிடிப்பேன். வங்காளி பேசக் கற்றுக்கொண்டது அவளிடம்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடிசைகளில் ஒன்று அவளுடையது. அதற்கு மேல் அவள் தன்னைப் பற்றிச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

வாரத்தில் ஒரு பிற்பகல் தோட்டம் பெண்களுக்கு மட்டும். வெளியே தலைகாட்டாத குடும்பத்துப் பெண்கள் மூடிய குதிரை வண்டியிலும் பல்லக்கிலும் வருவார்கள். ஆண் வேலையாட்கள் எல்லாரும் அன்று விலகிக்கொள்வதால், கேட்டருகே நின்று அவர்களை அழைத்துப் போகிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அப்படி ஒருநாள் வெள்ளைப் புடவை உடுத்திய ஓர் அம்மாள் வாடகை வண்டியில் தனியாக வந்தார். கரை இல்லாத புடவை. வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். மற்றவர்கள் எல்லாரும் ஆப்பிரிக்க மரத்தைப் பார்க்க ஓடினார்கள். இவர் பழைய மரங்களிடம் மட்டும் போனார். தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பும்போது என் எதிரே நின்று, என் புடவைத் தலைப்பை மெல்ல முகர்ந்து பார்த்தார்.

"புகை வாசனை அடிக்குதே. சமைக்கும்போது வடக்கு ஜன்னலைத் திறக்காதே பௌ. புகை வெளியே போகாது, உள்ளேதான் வரும். கிழக்குக் கதவைத் திறந்து வை" என்றார்.

பௌ என்றால் மருமகள், வீட்டுக்கு வந்த இளம்பெண். ஜன்னலையும் கதவையும் பற்றி அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு விளங்கியது, நான் யார் அடுப்பில் சமைக்கிறேன் என்று. ஜமீன்தாரின் விதவை அவர். அப்போது பவானிபூரில் அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தார்.

அன்று சாயங்காலம் கிழக்குக் கதவைத் திறந்து வைத்தேன். புகை அழகாக வெளியே போயிற்று. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"என்ன, கேட்டியளா, நாம இருக்கிறது அவுக வீடு" என்று கணவரிடம் சொன்னேன்.

"கோர்ட்டு வித்துது, சர்க்கார் வாங்கிச்சு. இதுல நீ என்னட்டி செய்தே?" என்றார்.

நான் ஒன்றும் செய்யவில்லைதான். ஆனால் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அதற்குப் பிறகு பெண்கள் பிற்பகலில் அவர் வண்டி வருகிறதென்றால் எதையாவது சாக்கு வைத்துக் குளத்துப் பக்கம் போய்விடுவேன். அவரோ என்னைத் தேடிக்கொண்டே வருவார். திதி, அதாவது அக்கா, என்று கூப்பிடச் சொன்னார். எந்த அறையில் வெயில் காலத்தில் தூங்க முடியும், எந்தப் படியில் பாசி வழுக்கும் என்றெல்லாம் சொல்லித் தந்தார். ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பேசவே இல்லை.

மாம்பழக் காலம் வந்தது. தோப்புப் பழங்களைச் சர்க்கார் ஏலம் விட்டது. குத்தகைக்காரன் வழக்கப்படி எங்களுக்கு ஒரு கூடை அனுப்பினான். அதில் நல்லதாகப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்து, திதி முன் நீட்டினேன். "உங்க மரத்துப் பழம் திதி" என்று சொன்னேன்.

அவர் தட்டைத் தொடவில்லை.

"இந்தத் தோப்புப் பழத்தை நான் சாப்பிடுறதை விட்டு ரொம்ப நாளாச்சு. புருஷன் இருக்கும்போதே விட்டுட்டேன்."

"ஏன் திதி?"

"வா" என்று என் மணிக்கட்டைப் பிடித்து மேற்கு எல்லைக்குக் கூட்டிப் போனார்.

அங்கே வேலியை ஒட்டி ஓர் ஆலமரம் இருந்தது. விழுது விழுதாக இறங்கி, பக்கத்தில் வேறெதையும் வளரவிடாமல் நின்றது. அதன் வேருக்குள் பாதி புதைந்து, எண்ணெய் ஏறிய கறுப்புக் கல் ஒன்று. அதை நான் பார்த்திருக்கிறேன். ஏதோ சாமி என்று கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

"சீதளா" என்றார் திதி. அம்மை நோய்க்கான தெய்வம், நம் மாரியம்மன் மாதிரி. "இது எங்க சாமி இல்லை. இங்கே இருந்த ஊரோட சாமி."

"எங்கே இருந்த ஊர்?"

"மாந்தோப்பு இருக்கே, அதுதான் ஊர். அந்தப் பெரிய குளம் அவங்க குட்டை. அதைத் தோண்டிப் பெரிசாக்கிப் படித்துறை கட்டினார் என் மாமனார். தோட்டம் போடணும்னு ஆசைப்பட்டார். குடிசைகளைப் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னார். போகாதவங்க குடிசையைப் பிரிக்க ஆள் அனுப்பினார். மழை ஆரம்பிச்சிருந்த சமயமாம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சேத்தில போய் உட்கார்ந்தாங்க. அந்த வருஷம் அவங்க குழந்தைகள் நிறைய செத்துப் போச்சு. இதெல்லாம் நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடி. எனக்குச் சொன்னது வீட்டு வேலைக்காரி. சொன்னதும் என் கையில இருந்த மாம்பழத்தை வச்சிட்டேன்."

திதி குனிந்து கல்லைக் காட்டினார். "இந்தக் கல்லை மட்டும் எடுக்க மாமனாருக்குப் பயம். அதனால சைத்ர மாசத்துல ஒருநாள் காலையில அந்தப் பொம்பளைங்க பின்வழியா வந்து தண்ணி ஊத்திட்டுப் போகலாம்னு விட்டிருந்தார். எங்க குடும்பம் செஞ்ச தர்மம் அவ்வளவுதான். இப்ப வேலி போட்டாச்சு. நீ எனக்குப் பழம் தர்றே பௌ. எனக்கு யாரும் எதுவும் தர வேண்டியதில்லை. அவங்களுக்கு வழி விடச் சொல்லு."

இந்த அம்மாளிடம் பட்ட கடனை எப்படித் தீர்ப்பது என்று நான் மறுகிக்கொண்டிருக்க, அவர் தன் கடனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டார்.

மறுநாள் மாசி பொரி கொண்டுவந்தபோது முறத்தை நீட்டியபடியே கேட்டேன். "மாசி, இந்த மரத்துக்குக் கீழே இருக்கிறது உங்க சாமியா?"

அவள் பொரியைப் படியில் அளந்து கொட்டினாள். "ஆமா" என்றாள். பிறகு, "நீ இத்தனை நாளா அதைத் தாண்டித்தானே வந்து பொரி வாங்குறே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று கணவர் சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. இலையில் கை அப்படியே நின்றது.

"அந்த ஆலமரத்தை வெட்டணும்னு வரைபடம் போட்டதே நான்தான். ஆஸ்திரேலியாவில இருந்து வருத மரங்களுக்கு அந்த இடம் வேணும். ஆலமரம் ஒண்ணும் அபூர்வம் இல்லல்லா, ஊருக்கு ஊர் நிக்குதுன்னு எழுதினேன். துரை கையெழுத்துப் போட்டாச்சு" என்றார்.

"கல்லு இருக்கது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்." இலையைத் தள்ளி வைத்தார். "வேரோட போயிரும்னு நினைச்சேன்."

அதற்குப் பிறகு சில நாள் அவர் காலையில் எழுந்ததும் ஆலமரத்தடிக்குப் போய் நிற்பார். ஒருநாள் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு துரையின் அறைக்குப் போனார். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார்.

மரத்தை விட்டுவைக்கத் துரை சம்மதித்துவிட்டார். இந்தியாவின் ஆலமரம் என்று ஒரு தகடு மாட்டினால் போயிற்று. ஆனால் பின்வழி திறக்கக் கூடாது. இது பொதுத் தோட்டம், எல்லாருக்கும் ஒரே கேட், ஒரே நேரம். விளக்கு, நெருப்பு, படையல், பூப்பறிப்பு எதுவும் கூடாது. அந்தப் பெண்களும் மற்ற ஜனங்களைப்போல முன்வாசல் வழியாக வரட்டும் என்றாராம்.

"தண்ணி ஊத்தலாமான்னு கேட்டேன். துரை யோசிச்சாரு. மரத்துக்குத் தண்ணி நல்லதுதான்னு சொன்னேன். சிரிச்சிட்டு, சரின்னாரு."

சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். எனக்கும் சுமை இறங்கியதுபோல இருந்தது. மாசியிடம் சொன்னேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "முன்வாசலா?" என்று ஒருமுறை கேட்டாள்.

ஏன் அப்படிக் கேட்டாள் என்பது அடுத்த பங்குனியில், சைத்ர மாசத்து அந்த நாள் வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. காலை வெயில் ஏறத் தொடங்கிய நேரம். வாய்க்காலைச் சுற்றி, பாலம் கடந்து, நல்ல சாலை வழியாக அவர்கள் வந்தார்கள். தோய்த்து உலர்த்திய புடவை, வெறுங்கால், இடுப்பில் மண்குடம். சிலர் இடுப்பில் குழந்தை. மாசி முன்னால் வந்தாள். கேட்டில் காவல் நின்ற தர்வான் தடியைக் குறுக்கே நீட்டினான்.

"தோட்டம் பார்க்க வர்றவங்களுக்கு மட்டும்தான்."

"தோட்டம் பார்க்கத்தான் வந்திருக்கோம்" என்றாள் மாசி.

"குடத்தோடயா? போ, போ. பெரியவங்க வந்திருக்காங்க."

உண்மைதான். மஹாகனிச் சாலையில் துரை தன் விருந்தாளிகளுக்கு மரங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக் குடைகள் தெரிந்தன. என் கணவர் கேட்டுக்குச் சற்றுத் தள்ளி நின்றார். தர்வான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவர் துரையைப் பார்த்தார், பிறகு முன்கட்டுத் தாழ்வாரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். கால் எடுத்து வைக்கவில்லை. நானும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொது ஜனம் என்று நாங்கள் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைக்குள் மாசி இருந்ததே இல்லை.

அப்போது வாடகை வண்டி ஒன்று வந்து நின்றது. கதவு திறந்தது. திதி இறங்கினார். அது பெண்கள் பிற்பகல் அல்ல, ஆண்கள் நிறைந்த காலை. முகத்தை மறைக்காமல், அந்தக் குடம் ஏந்திய பெண்களுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் போய் நின்றார். தர்வான் ஜமீன் காலத்திலிருந்து அங்கே வேலை பார்ப்பவன். அவன் கையிலிருந்த தடி தாழ்ந்தது.

"கின்னிமா, நீங்க உள்ளே வாங்க" என்றான். எஜமானியம்மா என்று அர்த்தம்.

"என் முறை வரும்போது வர்றேன்" என்றார் திதி.

என் கணவர் விறுவிறுவென்று நடந்து போய், வண்டிகள் வரும்போது மட்டும் திறக்கும் பெரிய கதவைத் தன் கையாலேயே இழுத்துத் திறந்தார். "எல்லாரும் வரலாம்" என்று வங்காளியில் சொன்னார். அவர்கள் உள்ளே போனார்கள். வெள்ளைக் குடைகள் திரும்பிப் பார்த்தன.

நானும் ஆலமரத்தடிக்கு ஓடினேன். மாசி முதலில் கல்லின்மேல் தண்ணீர் விட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக விட்டார்கள். யாரும் பாடவில்லை. எல்லாரும் முடித்த பிறகு திதி மாசியின் முன்னால் போய்க் கைகூப்பினார்.

"எங்க வீட்டாள் செஞ்சதுக்கு என்னை மன்னிக்கணும்."

மாசி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மன்னிச்சா இடம் திரும்பி வருமா, கின்னிமா?" என்றாள். பிறகு குடத்தைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டாள். "கொஞ்சம் நகர்ந்துக்கோங்க. குழந்தைகள் கும்பிடணும்."

திதி நகர்ந்து நின்றார். அழவில்லை. நான்தான் அழுதேன். என் அழுகை அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

விருந்தாளிகள் போன பிறகு துரை என் கணவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அனுமதித்தது தண்ணீரைத்தான், ஊர்வலத்தை அல்ல என்றாராம். ஆனால் வழியை அடைக்கவில்லை. தண்டனை தர்வானுக்குப் போயிற்று. கேட்டில் ஒழுங்கு காக்கவில்லை என்று அவனைக் குளத்துக்குப் பாசி எடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். தவறு என்னுடையது என்று என் கணவர் இரண்டு முறை போய்ச் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் அவன் நிற்பதைப் பார்த்த பிறகு சாயங்காலம் அந்தப் படித்துறையில் போய் உட்காருவதை நாங்கள் விட்டுவிட்டோம்.

திதி அதன் பிறகு ஓரிரு முறைதான் வந்தார். ஆண்கள் நடுவே முகம் காட்டி நின்றார் என்று அண்ணன் வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. வண்டி பிடிக்க ஆள் அனுப்ப மாட்டோம் என்றுவிட்டார்கள். நான் பவானிபூருக்குப் போய்ப் பார்த்தேன். மாடி அறையில் தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தார். "அவ சொன்னது சரிதான் பௌ. நான் மன்னிப்புக் கேட்டது எனக்காகத்தான்" என்றார். அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். சொல்லி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தபோது காரியங்கள் எல்லாம் முடிந்திருந்தன.

தோட்டம் வளர்ந்தது. கேட்டருகே வரலாறு எழுதிய பலகை ஒன்று வைக்க வேண்டும் என்று துரை ஓர் ஆங்கில வாசகம் எழுதினார். ஆதியில் இது பயனற்ற தரிசு, பிறகு ஒரு ஜமீன்தாரின் தோட்டம், இன்று பொதுமக்களின் உடைமை என்று. என் கணவர் "தரிசு" என்ற இடத்தில் "கிராமம்" என்று திருத்திக் கொண்டுபோனார். அதற்கு ஆதாரம் என்ன என்று துரை கேட்டார். ஒரு விதவை சொன்னாள், ஒரு பொரிக்காரி சொன்னாள் என்று எப்படிச் சொல்வது? தரிசு என்றே பலகை வந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இவர் வேலை செய்தார்.

எங்கள் இரண்டு குழந்தைகளும் அந்தப் பின்கட்டில்தான் பிறந்தார்கள். மாந்தோப்பில்தான் ஓடி விளையாடினார்கள், அந்தப் பழத்தைத்தான் தின்றார்கள். நான் தடுக்கவில்லை. அவர்களிடம் எந்த வயதில் எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்தைச் சுற்றிக் காட்டச் சொல்லிக் கல்லூரி மாணவர்களும் உத்தியோகஸ்தர்களும் வருவார்கள். என் கணவர் மஹாகனி, நாகலிங்கம், ஜாவா மரங்கள் எல்லாவற்றையும் காட்டிவிட்டு மாந்தோப்பில் நிறுத்துவார். "இங்கே ஒரு ஊர் இருந்தது" என்பார். அவர்கள் உடனே சுவரோ கிணறோ தெரிகிறதா என்று தரையைப் பார்ப்பார்கள்.

ஒருமுறை ஒரு மாணவன், "அந்த ஊர்க்காரங்க எங்கே போனாங்க?" என்று கேட்டான்.

என் கணவர் வேலிக்கு அப்பால் கையைக் காட்டினார். வாய்க்காலின் அந்தக் கரையில் யாரோ சாணம் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை கம்பத்தில் கட்டிய ஆட்டோடு மல்லுக்கு நின்றது. மாணவன் பார்த்தான். அவ்வளவு பக்கத்திலா என்று அவனுக்கு ஆச்சரியம். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் மற்றவர்கள் ஆப்பிரிக்க மரத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டதால் அவனும் ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டான்.